பழைய போர்ப் படம் எந்தப் புதிய போரைப் பேசுகிறது?

வாசகர் கேள்வி, மார்ச் 3

சரித்திரப் போர்ப் படம் எது வந்தாலும், அது எடுக்கப்பட்ட காலத்துப் போரின் உருவகம் என்று எழுதிவிடுகிறார்கள். '300' என்றால் ஈரான், சிலுவைப் போர் என்றால் இராக், ரோமானியர் என்றால் அமெரிக்கா. இப்படிப் பார்த்தால் எதையும் எதனோடும் ஒப்பிடலாமே? இது வெறும் வாசிப்பு விளையாட்டா, அல்லது சரிபார்க்க ஏதேனும் வழி உண்டா?

மார்ச் 3, மாலை

வழி உண்டு என்றே நினைக்கிறேன். படத்துக்கும் நடப்புக்கும் உள்ள ஒற்றுமைகளைத் தேடுவது பயன் தராது, ஏனெனில் எந்த இரண்டு போருக்கும் ஒற்றுமை இருக்கும். வரலாற்றில் இருந்தும் படத்தில் இடம்பெறாமல் போனது எது என்று பாருங்கள். அந்த விடுபட்ட பகுதியைத் திரும்பச் சேர்த்தால் படம் வெளிவந்த ஆண்டில் யாருக்குச் சங்கடம் ஏற்பட்டிருக்கும் என்று கேளுங்கள். சங்கடப்படக்கூடியவர் யாரென்று தெரிந்தால், படம் எந்தப் போரைப் பேசுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938இல் ஒரு ரஷ்ய இளவரசரைப் பற்றி எடுத்த 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி'. 1242இல் பெய்பஸ் ஏரியின் பனிப்பரப்பில் டியூட்டானிக் என்ற ஜெர்மானிய மதப் படை வீரர்களை ரஷ்ய நகரமாகிய நவ்கோரத்தின் படை தோற்கடித்த கதை. ஜெர்மானியக் காலாட்படையின் தலைக்கவசம் முதலாம் உலகப் போரின் எஃகுத் தொப்பியை ஒத்திருக்கும். ஆயரின் தலையணியில் ஸ்வஸ்திகா இருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க யாருக்கும் விமர்சகர் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. உண்மையான நெவ்ஸ்கி மங்கோலியருக்குப் பணிந்து ஆட்சி செய்தவர். மங்கோலியர் வரி விதிப்பதற்காகக் குடிக்கணக்கு எடுக்க வந்தபோது, அதை எதிர்த்த நவ்கோரத் மக்களையே 1250களின் இறுதியில் அடக்கியவர். படத்தில் வரும் மங்கோலியத் தூதர் அவரைத் தம் பக்கம் அழைக்கிறார்; அவர் மறுத்து அனுப்பிவிடுகிறார். மங்கோலியரிடம் சென்று திரும்பும் வழியில் அவர் இறப்பதாக முதலில் எழுதப்பட்டிருந்த முடிவும் கைவிடப்பட்டது. ஒரு பகைவனிடம் பணிந்துகொண்டு மற்றொரு பகைவனோடு போரிட்ட தலைவனை 1938இன் மாஸ்கோவால் திரையில் காட்ட முடியவில்லை.

மார்ச் 3, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு பின்கதை உண்டு. 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்தப் படம் திரையரங்குகளிலிருந்து காணாமல் போயிற்று. அடுத்த ஆண்டு அதே ஐசன்ஸ்டைன் பல்ஷாய் அரங்கில் வாக்னரின் இசைநாடகம் ஒன்றை இயக்கினார். ஜெர்மானிய எதிர்ப்புக்குப் பெயர் வாங்கியவரிடம் ஜெர்மானிய நட்பு கேட்கப்பட்டது. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் படம் மறுபடி திரைக்கு வந்தது. 1942இல் நெவ்ஸ்கி பெயரில் ஒரு இராணுவ விருது நிறுவப்பட்டபோது, பதக்கத்தில் பொறித்த முகம் படத்தில் நடித்த செர்க்காசொவுடையது. மாவீரனின் உண்மையான முகம் யாருக்கும் தெரியாதபோது நடிகர் முகமே போதுமானதாயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று ஆண்டுக் காலத்தில் படத்தின் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. மாறியது வெளியுறவுக் கொள்கை மட்டுமே. அதனால் 'இந்தப் படம் இன்ன போரின் உருவகம்' என்று சொல்லும்போது, எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

மார்ச் 5

'300' பற்றிக் கேட்டவருக்கு. தெர்மோபிலேக் கணவாயில் பாரசீகப் படையைத் தடுத்து நின்ற ஸ்பார்டா என்ற கிரேக்க நகர அரசின் வீரர்களைப் பற்றிய படம் அது. அப்படம் 2007 மார்ச்சில் பரவலாக வெளியானபோது ஈரான் அரசு வெளிப்படையாகக் கண்டித்தது. பாரசீகரை அரக்கர்களாகக் காட்டியது திட்டமிட்ட செயல் என்றது. ஆனால் படம் பிரேம்களின் அமைப்பு வரை பின்பற்றிய சித்திரக் கதை 1998இல் வந்தது. 2001 செப்டம்பருக்கும் இராக் படையெடுப்புக்கும் முந்தியது. ஆகவே படைத்தவர் நோக்கத்தை வைத்து வாதிட்டால் ஈரான் தரப்பு தோற்கும்.

என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் முடிவு வேறு. கி.மு. 480இல் தெர்மோபிலேயில் கடைசிவரை நின்றவர்களில் தெஸ்பியா நகரத்தார் சுமார் 700 பேர் இருந்தனர். படத்தில் மற்றக் கிரேக்கர் வருகிறார்கள். ஆனால் கடைசி நிலைக்கு முன்பே போய்விடுகிறார்கள். ஸ்பார்டாவின் நிலத்தை உழுத ஹெலட் அடிமைகள் படத்தில் எங்கும் இல்லை, 'சுதந்திர மனிதர்கள்' என்ற பேச்சு மட்டும் ஓயாமல் கேட்கிறது. பின்னாளில் ஏதென்ஸை வீழ்த்துவதற்காக அதே ஸ்பார்டா பாரசீகத்திடமே பணம் வாங்கிக் கப்பற்படை அமைத்தது. இம்மூன்றும் இல்லாத ஸ்பார்டாவை 1998இல் ஒருவர் வீர சாகசக் கதையாக மட்டும் படித்திருக்கலாம். 2007இல், சுதந்திரத்தைப் படைகொண்டு ஏற்றுமதி செய்வதாகச் சொன்ன போர் நான்காம் ஆண்டை முடித்துக்கொண்டிருந்தபோது, அப்படிப் படிப்பது இயலாததாகிவிட்டது.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

ஸ்பார்டா வீரர்கள் மார்புக் கவசம் அணியாததையும் விடுபடல் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சேர்க்க வேண்டாம். அது உடற்பயிற்சி நிலையங்களுக்குத் தொடர்புடைய விஷயம்.

மார்ச் 8

ஷேக்ஸ்பியர் நாடகத்தை வைத்து ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கிய 'ஐந்தாம் ஹென்றி' பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. நான் பலமுறை திரும்பிச் செல்லும் படம் அது.

1943இல் நடுநிலை நாடாகிய அயர்லாந்தில், உள்ளூர் விவசாயிகளைக் குதிரையேற்றி, 1415இல் ஆங்கில அரசன் ஹென்றி பிரெஞ்சுப் படையை வென்ற அஜின்கோர்ட் போர்க்களக் காட்சியை எடுத்தார்கள். படம் 1944 நவம்பரில் வெளிவந்தது. பிரிட்டனின் கமாண்டோக்களுக்கும் வான்வழிப் படையினருக்கும் அது அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. நார்மண்டித் தரையிறக்கம் நடந்து ஐந்து மாதமே ஆகியிருந்தது. கதையிலும் ஆங்கிலேயப் படை நார்மண்டியில்தான் இறங்குகிறது. இதைவிட நேரான ஒப்புமை கிடைக்காது.

ஆனால் ஷேக்ஸ்பியரின் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் எனக்குப் படம் புரிந்தது. சவுத்தாம்ப்டனில் அரசனைக் கொல்லச் சதி செய்த மூன்று பிரபுக்கள் படத்தில் இல்லை. போர்க்காலத்தில் உள்நாட்டுத் துரோகிகள் இருக்கக் கூடாது. ஆர்ஃப்ளர் என்ற பிரெஞ்சு நகரத்தின் வாயிலில் நின்று, சரணடையாவிட்டால் பெண்களும் சிசுக்களும் என்ன ஆவார்கள் என்று ஹென்றி விடுக்கும் அச்சுறுத்தல் இல்லை. நட்புப் படை நகரங்களை விடுவிக்கிறது, சூறையாடுவதில்லை. தன் பழைய நண்பன் பார்டால்ஃபைத் தூக்கிலிட அரசன் ஒப்புவது இல்லை. பிரெஞ்சுக் கைதிகளைக் கொல்லும்படி அரசன் இடும் கட்டளை இல்லை. நாடகத்தின் இறுதியில் கதைசொல்லி வந்து, இவன் மகன் காலத்தில் வென்றதெல்லாம் போயிற்று என்று சொல்வதும் இல்லை. இவ்வளவையும் எடுத்த பிறகு எஞ்சுவது சந்தேகமற்ற, கறையற்ற, முடிவில்லாத வெற்றி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை அவர் தீர்த்த விதத்தை நான் மிகவும் ரசிப்பேன். 1415இன் எதிரி பிரான்சு, 1944இன் நண்பனும் பிரான்சு. எதிரியை வெறுக்கும்படி காட்டினால் நண்பன் புண்படுவான். எனவே பிரெஞ்சு அரசவை வெளிறிய வண்ண ஓவியம்போல், சோர்ந்துபோன, சற்றே நகைப்புக்குரிய, ஆனால் தீமையற்ற ஒரு கூட்டமாக வருகிறது. சண்டை ஜெர்மானியரோடு, சண்டையிடுவது மட்டும் பிரெஞ்சுக்காரரோடு.

மார்ச் 9

நாஜி ஜெர்மனி எடுத்த 'கோல்பெர்க்' படத்துக்காகப் போர்முனையிலிருந்து 1,87,000 வீரர்களை அழைத்து நடிக்க வைத்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண் இயக்குநர் ஃபைட் ஹார்லான் பிற்காலத்தில் சொன்னது. ஆய்வாளர்கள் அதைப் பெரும் மிகை என்றே கொள்கிறார்கள். படையினர் நடித்தது உண்மை. அந்த எண்ணிக்கையில் இல்லை.

எண்ணை விடுங்கள், அந்தப் படத்தின் வரலாறே போதுமான அளவுக்கு வினோதமானது. ஸ்டாலின்கிராட் தோல்விக்குப் பிறகு, 1943 ஜூனில் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் இதை எடுக்க உத்தரவிட்டார். 1807இல் நெப்போலியன் படைகளின் முற்றுகையைப் பிரஷ்ய நகரமாகிய கோல்பெர்க் தாங்கிய கதை. குடிமக்கள் ஆயுதம் ஏந்தி இராணுவத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்பது செய்தி. 1945 ஜனவரி 30 அன்று முதல் காட்சி பெர்லினிலும், முற்றுகையில் சிக்கியிருந்த லா ரோஷெல் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தின் ஜெர்மன் படையினருக்கும் நடந்தது. பிரதியை விமானத்திலிருந்து போட்டார்கள். ஏழு வாரத்துக்குள், மார்ச் 18 அன்று, கோல்பெர்க் நகரமே சோவியத், போலந்துப் படைகளிடம் வீழ்ந்தது. அந்தச் செய்தி இராணுவ அறிக்கையில் வராமல் கோயபல்ஸ் பார்த்துக்கொண்டார்.

இதில் விடுபட்டவை இரண்டு வகை. முதலாவது வரலாற்றிலிருந்து: கோல்பெர்க் தாக்குப்பிடித்ததற்குக் கடல்வழியாக வந்த பிரிட்டன், சுவீடன் கப்பல்களின் உதவி ஒரு காரணம். 1945இல் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் நகரங்களின் மேல் பறந்துகொண்டிருந்தபோது அதை எப்படிச் சொல்வது? மேலும், அந்த நகரம் வீழாமல் தப்பியது நெப்போலியனோடு செய்துகொண்ட டில்சிட் சமாதானத்தால். அந்தச் சமாதானத்தில் பிரஷ்யா தன் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. இரண்டாவது வகை, படத்திலிருந்தே எடுத்தவை: பெருஞ்செலவில் எடுத்த அழிவுக் காட்சிகளையும் சாவுக் காட்சிகளையும் பார்த்த கோயபல்ஸ், மக்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று பலவற்றை வெட்டச் சொன்னார். தியாகம் செய்யச் சொல்லும் படத்தில் தியாகத்தின் தோற்றம் வேண்டாமென முடிவாயிற்று.

மார்ச் 10

வெட்டியதைத் திரும்ப ஒட்டியவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் சான்று உண்டு. ராபர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி '76இன் ஆவேசம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். பிரிட்டிஷ் வீரர்களின் கொடுமைகளை அதில் காட்டியிருந்தார். 1917 ஏப்ரலில் அமெரிக்கா பிரிட்டனின் பக்கம் போரில் சேர்ந்தது. சிகாகோவில் கொடுமைக் காட்சிகளை நீக்கிக் காட்டியவர், அந்த ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் அவற்றைச் சேர்த்துக் காட்டினார். படம் பறிமுதல் ஆனது. உளவுச் சட்டத்தின்கீழ் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறை விதித்தார்கள்; அதிபர் வில்சன் பின்னர் மூன்றாகக் குறைத்தார். தன் நாட்டின் பிறப்பைப் பற்றித் தன் நாட்டிலேயே படமெடுத்து, நட்பு நாட்டின் மீது வெறுப்பைத் தூண்டியதாகச் சிறை சென்றவர் அவர். படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை.

இவர் எந்த உருவகமும் செய்ய நினைக்கவில்லை என்பதே இதில் முக்கியம். உருவகத்தை அரசு கண்டுபிடித்துக் கொடுத்தது.

மார்ச் 13

'எந்தப் படமும் எதையாவது விட்டுத்தான் ஆகும், இரண்டரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?' என்ற மறுப்பு நியாயமானது. இதைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீளத்துக்காக வெட்டுவது வேறு. சிலுவைப் போர்க் காலத்து ஜெருசலேமைப் பற்றிய 'கிங்டம் ஆஃப் ஹெவன்' 2005இல் திரையரங்குக்கு வந்தபோது, இளவரசி சிபில்லாவின் சிறு மகன் கதையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டிருந்தான். நான் முதலில் அந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் ஏன் இப்படி உருக்குலைந்து போகிறாள் என்று விளங்காமல் வெளியே வந்தேன். இயக்குநரின் நீண்ட பதிப்பில் மகன் திரும்பி வந்ததும் எல்லாம் விளங்கிற்று. ஆனால் இராக்கைப் பற்றிய என் எண்ணத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வெட்டு வணிக வெட்டு. இரண்டு பதிப்புகளிலும் இல்லாத பகுதிதான் நம் விவாதத்துக்கு உரியது.

1187 அக்டோபரில் ஜெருசலேம் சரணடைந்தபோது, நகரத்தைக் காத்து நின்ற பேலியன் புனிதத் தலங்களை இடிப்பதாக மிரட்டினார். படத்தில் இது உண்டு. நகரிலிருந்த ஆயிரக்கணக்கான முஸ்லிம் கைதிகளைக் கொல்வதாகவும் மிரட்டினார். படத்தில் இது இல்லை. நகரத்தை முற்றுகையிட்ட முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் எல்லோரையும் போக விடுவதாகப் படம் சொல்கிறது. உண்மையில் ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் என்று மீட்புத் தொகை விதிக்கப்பட்டது. விலக்கும் கருணையும் காட்டப்பட்டன என்றாலும், கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். 'சிலுவைப் போர்' என்ற சொல்லை 2001 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் வாய்தவறியோ வேண்டுமென்றோ பயன்படுத்திய பிறகு, இரு தரப்பிலும் நல்லவர்கள் இருந்தார்கள் என்று காட்ட விரும்பிய படம் இது. அதற்காக இரு தரப்பின் கைகளிலிருந்தும் பிணைக்கைதிகளை எடுத்துவிட்டது. நல்லெண்ணமும் தணிக்கை செய்யும்.

மார்ச் 13, தொடர்ச்சி

அதே சலாஹுத்தீனை யூசுஃப் ஷாஹின் 1963இல் எகிப்தில் படமாக்கினார். படத்தின் பெயரிலேயே அன்றைய எகிப்து அதிபரின் பெயராகிய 'நாசர்' என்ற சொல் இருப்பதை ரசிகர்கள் கவனிக்காமல் விட்டிருக்க வாய்ப்பில்லை. அதில் விடுபட்டது, அவர் குர்து இனத்தவர் என்பது. அரபு ஒற்றுமையின் தலைவராக அவர் நிற்க வேண்டியிருந்தது. ஈஸா அல்-அவ்வாம் என்ற பாத்திரத்தை அரபுக் கிறித்தவராக மாற்றினார்கள். அக்கா (ஆக்கர்) என்ற துறைமுக நகரத்தின் முற்றுகையின்போது நீந்திச் சென்று பணமும் கடிதமும் சேர்த்த உண்மையான ஈஸா ஒரு முஸ்லிம். மதம் கடந்த அரபு தேசியத்துக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது. எகிப்தும் சிரியாவும் இணைந்த ஐக்கிய அரபுக் குடியரசு 1961லேயே உடைந்துபோனதால், படம் வெளிவந்தபோது அது முன்னறிவிப்பாகவும் இல்லை, செய்தியாகவும் இல்லை, ஏக்கமாக இருந்தது.

பிற்காலத்தில், திக்ரித்தில் பிறந்த சலாஹுத்தீனோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டவர், திக்ரித் அருகே பிறந்த சதாம் உசேன். 1988இல் குர்துகளைக் கொன்று குவித்ததும் அவருடைய அரசே. அங்கேயும் விடுபட்டது அதே ஒரு தகவல்தான்.

மார்ச் 16

இந்திய உதாரணம் கேட்டவர்களுக்கு இரண்டு, சுருக்கமாக.

சோராப் மோதியின் 'சிக்கந்தர்' 1941இல் வந்தது. அலெக்ஸாண்டரை எதிர்த்த போரஸின் கதை. தணிக்கை அனுமதித்த பிறகும் இராணுவக் குடியிருப்புப் பகுதிகளின் திரையரங்குகளில் தடை விதித்தார்கள். அன்னியப் படையெடுப்பை எதிர்த்து நிற்பதைச் சிப்பாய்கள் பார்க்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு கருதியது. அந்தச் சிப்பாய்களையே அதே உலகப் போரில் வேறு படையெடுப்புகளை எதிர்க்க அனுப்பியது என்பது தனி வேடிக்கை.

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 ஜனவரியில் வெளியானது. ஒளிந்து வாழும் சோழ மக்களின் எச்சம் நவீன ஆயுதப் படையிடம் அழிவதும், சரணடைந்த பெண்கள் சிதைக்கப்படுவதும் பார்ப்பவர்களுக்கு எட்டு மாதத்துக்கு முன் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. படப்பிடிப்பு தொடங்கியது அதற்கு வெகு முன்பு, 2007இல். நான் அதை முதலில் பார்த்தபோது இடைவேளைக்குப் பிறகு அரங்கில் நிலவிய அமைதியின் காரணத்தை இயக்குநரிடம் கேட்க வேண்டியதில்லை. நாட்காட்டியிடம் கேட்டால் போதும். இது கற்பனை என்பதால் விடுபடல் அளவுகோல் இங்கே செல்லாது. வரலாறு என்ற பெயரில் வரும் படங்களுக்கே அது உரியது.

மார்ச் 20

'நேரடியாகவே எடுத்துவிடலாமே, ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?' வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் அதை நேராகக் காட்டிய படம், போரை ஆதரித்த 'கிரீன் பெரெட்ஸ்' மட்டுமே என்று சொல்லுமளவுக்கு நிலைமை இருந்தது. எதிர்ப்பு முழுவதும் வேறு காலங்களுக்குக் குடிபெயர்ந்தது. 1970இல் வந்த 'சோல்ஜர் புளூ', அமெரிக்கப் படையினர் செயென் பழங்குடி மக்களைக் கொன்ற 1864இன் சாண்ட் கிரீக் படுகொலையை எடுத்துக்கொண்டது. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நடத்திய படுகொலை வெளியே தெரிந்து ஓராண்டுகூட நிறையவில்லை. இங்கே படுகொலையே கதையின் உச்சம், எனவே அரசு மறைக்க விரும்பியது எதுவும் விடுபடவில்லை என்று தோன்றும். விடுபட்டவர்கள் செயென் மக்கள். அவர்கள் பெரும்பாலும் தாக்கவும் சாகவுமே திரைக்கு வருகிறார்கள். கதை முழுக்க ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் வியட்நாமைப் பற்றி நேரடியாக எடுத்த படங்களிலும் வியட்நாமியரின் இடம் பெரும்பாலும் அதுவே. எனவே சுற்றி வளைத்த படம், பின்னர் வரவிருந்த நேரடிப் படங்களின் குறையையும் முன்கூட்டியே கொண்டிருந்தது.

மார்ச் 24

கென்னத் பிரானா 1989இல் எடுத்த 'ஐந்தாம் ஹென்றி' ஒலிவியர் விட்டதையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டது, அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போருக்குப் பிந்தைய பிரிட்டன் உண்மையை ஏற்றுக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். சதிகாரப் பிரபுக்கள் திரும்பினார்கள். ஆர்ஃப்ளர் அச்சுறுத்தல் ஓரளவு திரும்பிற்று. பார்டால்ஃபின் தூக்கு திரும்பிற்று, அரசன் அதைக் கண்ணீரோடு பார்க்கிறான். வென்றதெல்லாம் போயிற்று என்ற முடிவுரையும் உண்டு. வெயிலும் வண்ணமும் போய், களம் முழுக்கச் சேறும் மழையும்.

கைதிகளைக் கொல்லும் கட்டளை மட்டும் திரும்பவில்லை. சுமைகளைக் காத்திருந்த சிறுவர்களைப் பிரெஞ்சுப் படையினர் கொன்றது இரண்டு படங்களிலும் இருக்கிறது. பிரானாவில் இறந்த சிறுவன் ஒருவனை அரசனே தோளில் சுமந்து களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கிறான். ஆங்கிலேயர் செய்த கொலை இரண்டிலும் இல்லை. ஒன்று போருக்கு அழைத்த படம், மற்றது போரை நொந்த படம். 45 ஆண்டு இடைவெளியில், எதிரெதிர் நோக்கம் கொண்ட இருவருமே அதே இடத்தில் கத்தரிக்கோல் வைத்தார்கள். போரால் துன்புறும் அரசனை நேசிக்கச் சொல்லும் படத்துக்கும், போரில் வெல்லும் அரசனை நேசிக்கச் சொல்லும் படத்துக்கும் அந்த ஒரு வரி சமமான இடையூறாக இருந்திருக்கிறது.